தீர்ப்பு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நியாயமா?

பாலக்காடு மாவட்ட எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிறு வயதிலிருந்து அவர் கொண்டாடிய நடிகர் ஒருவர் மீது ஒரு பெண் பாலியல் புகார் சொல்லியிருக்கிறார். கடைக்கு வருபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். வீட்டில் மனைவி அந்த நடிகரின் படத்தை டிவியில் போடவே விடுவதில்லை. அப்பாவோ "எல்லாம் காசுக்காகச் சொல்கிறாள்" என்கிறார். "அந்தப் பெண்ணை நம்பினால் இவருக்கு அநியாயம், நம்பாவிட்டால் அவளுக்கு அநியாயம். தீர்ப்பு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே அக்கா நியாயம்?" என்று முடித்திருக்கிறார்.

யாரை நம்புவது என்று கேட்பதுபோல இருந்தாலும், தம்பியின் சங்கடம் வேறு என்று எனக்குப் படுகிறது. நமக்கு நேரில் எதுவும் தெரியாது. ஆனால் கடையிலும் வீட்டிலும் பேச்சு வந்துவிடுகிறது, நம் முகத்தைப் பார்க்கிறார்கள். யாருக்கும் அநியாயம் செய்யாமல் அந்த இடத்தில் என்ன பேசுவது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து, பாலக்காடு மாவட்ட நீதிமன்றங்களில் பல வருடமாக வக்கீலாக இருப்பவள். புகார் கொடுத்த பெண்கள் பக்கமும் நின்றிருக்கிறேன், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன். சினிமாக்காரர்கள் வழக்கு எதிலும் நான் இருந்ததில்லை. அந்த உலகத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் பொதுவில் பதிவாகியிருப்பவை மட்டுமே.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகக் கருத வேண்டும் என்ற விதி உயிரான விதி. நீதிபதி, போலீஸ், அரசு என்று சிறைக் கதவின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களைக் கட்டிப்போட வந்தது அது. நாமும் அதை மதிக்க வேண்டும். புகார் வந்த அன்றே ஒருவரைக் குற்றவாளி என்று எழுதக் கூடாது, அவர் வீட்டுப் பெண்களை இழுக்கக் கூடாது, போஸ்டரில் சாணி அடிக்கக் கூடாது. ஆனால் இந்த விதியைச் சொல்லிக்கொண்டே பலர் செய்வது வேறு. அவரை நிரபராதி என்று சொல்லிய அதே மூச்சில் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிடுகிறார்கள். தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பதும் சட்டப்படி குற்றம்தான். அப்படியானால் அந்தக் குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவளும் நிரபராதிதானே? இரண்டு பேருக்கும் இந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டே பேச முடியும். "போலீஸ் விசாரிக்கட்டும், அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கட்டும், அவரும் தன் பக்கத்தைச் சொல்லட்டும்" என்று சொல்வதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. தம்பியின் அப்பாவிடம் இதிலிருந்து தொடங்கலாம்.

"இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாள்?" என்ற கேள்விதான் எல்லாக் கடையிலும் முதலில் வருகிறது. இதில் எனக்கு அனுபவம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார். நடந்தது பழைய சம்பவம். ஏன் உடனே சொல்லவில்லை என்று நானும் கேட்டேன், கோர்ட்டில் கேட்பார்கள் என்பதற்காக. மடியில் சுருட்டி வைத்திருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். மகள் சடங்குக்கு வாங்கிய முன்பணம், அதற்கு வாரா வாரம் கழித்த கூலி, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. கடைசிக் கழிவு எழுதிய வாரத்துக்கு அடுத்த வாரம்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார். கடன் தீராமல் வாய் திறந்திருந்தால் வேலையும் போயிருக்கும், குடியிருந்த லயன் வீடும் போயிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் தாமதம். நோட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வாரத்துக்கும் காரணம் இருந்தது.

சினிமாவில் நோட்டுக்குப் பதில் வாய்ப்பு. அடுத்த படம் கிடைக்குமா, சங்கத்தில் இருக்க விடுவார்களா என்பதுதான் அங்கே கணக்கு. பாடகி சின்மயி 2018 அக்டோபரில் புகார்களை வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே சந்தா கட்டவில்லை என்று காரணம் காட்டி டப்பிங் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம் சந்தாதானா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இன்னொரு பெண் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். தாமதத்தை வைத்து மட்டும் புகாரைத் தள்ளக் கூடாது என்பது நீதிமன்றங்களுக்கும் புதிதல்ல. 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட குற்றங்களில் புகார் தாமதமாவதற்கு மானம், குடும்பம் என்று பல காரணங்கள் இருக்கும் என்று தெளிவாகச் சொன்னது. முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடர்ந்த அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் விடுவித்தபோது, பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. அதேசமயம் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சாட்சியின் சொல்லை வைத்துத் தண்டிக்கலாம் என்றாலும், அந்தச் சொல் உரைத்துப் பார்த்தால் பிசகாத தரத்தில் இருக்க வேண்டும் என்று 2012-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலம் போகப் போக நினைவு மங்கும், சாட்சிகள் சிதறிப்போவார்கள், போன் பதிவுகள் அழிந்துபோகும். தாமதம் பொய்க்கு அடையாளம் இல்லை. ஆனால் தாமதத்தால் நிரூபிப்பது கடினமாகிறது என்பது உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

இதோடு ஒட்டிய ஒரு சட்ட விவரத்தைப் பத்திரிகைகள் சரியாக விளக்குவதே இல்லை. மூன்று வருடத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களுக்கு, நடந்ததிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்கு வந்தாக வேண்டும். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பது என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவுக்கு 2013 திருத்தம் வரும்வரை அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருடம். ஆகவே அதற்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்கு மூன்று வருடத்தில் காலவரம்பு முடிந்துவிடும். திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம்வரை தண்டனை என்று ஆனதால் அந்தத் தடை இல்லை. எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதிச் சட்டம்தான் பொருந்தும். பாலியல் வல்லுறவு போன்ற பெரிய குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது. எனவே பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு புகாரை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்று செய்தி வந்தால், எதற்காக ரத்து என்று ஒரு வரி படித்துவிட்டுப் பேசுங்கள். காலவரம்பால் ரத்தானதென்றால், நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

விடுதலைக்கும் இதேதான். 2017 பிப்ரவரியில் கொச்சி அருகே ஓடும் காரில் ஒரு நடிகை தாக்கப்பட்ட வழக்கில் 2025 டிசம்பரில் எர்ணாகுளம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு 20 வருடத் தண்டனை கொடுத்தது. எட்டாவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டிருந்த நடிகர் மீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. அவர் சட்டத்தின் முன் நிரபராதி, அதை மறுத்து எழுதுவது தவறு. ஆனால் அன்று சிலர் எழுதினார்களே, "எல்லாமே நாடகம் என்று தெரிந்துவிட்டது" என்று, அதுவும் அப்பட்டமான தவறு. தாக்குதல் நடந்தது என்று அதே தீர்ப்புதான் உறுதி செய்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்பவர்கள் தீர்ப்பு வந்தபிறகு அதைப் படிக்கவும் வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நடிகைகள் சேர்ந்து அமைப்பு தொடங்கி கேரள முதலமைச்சரைப் பார்த்ததால்தான், மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. நடிகை சாரதாவும் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வத்சலகுமாரியும் உறுப்பினர்கள். 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை அரசிடம் போனது. அது வெளியே வந்ததோ 2024 ஆகஸ்ட் 19 அன்று, பல பகுதிகள் நீக்கப்பட்டு. படப்பிடிப்பு இடத்தில் கழிப்பறை இல்லாமல் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைத் தள்ளுகிறார்கள் என்பதுவரை அதில் இருந்தது. சுமார் ஒரு வாரத்தில் புகார்கள் வெளியே வந்தன, சிறப்பு விசாரணைக் குழு அமைந்தது, நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. அந்த வாரம் பாலக்காட்டிலும் சரி, பொள்ளாச்சியிலும் சரி, வேறு பேச்சே இல்லை. அப்புறம் என்ன ஆனது? குழுவிடம் பேசிய பெண்களில் பெரும்பாலானோர் போலீசிடம் வாக்குமூலம் தர முன்வரவில்லை. அந்த அறிக்கையை அடிப்படையாக வைத்துப் பதிவான முப்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளை 2025-இல் விசாரணைக் குழு முடித்துக்கொண்டது. பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் மூடிய அறையில் பேசியவர்களிடம், இப்போது கோர்ட்டுக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? "வழக்கே நிற்கவில்லை, அப்போ பொய்தானே" என்று இதையும் சொல்கிறார்கள். சாட்சி சொல்ல வராததற்குப் பயம் காரணமா, சலிப்பா, வேறு எதுவுமா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பொய் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம் எல்லையிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் எந்த நட்சத்திரமும் இல்லை, ஆனால் நாம் கற்க வேண்டியது அதில்தான் அதிகம். ஆரம்பம் மிக மோசம். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் வழியாகவே வெளியே வந்தது. அரசாணையிலேயே பெயர் இருந்ததற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன்பிறகு விசாரணை பூட்டிய அறைக்குள் நடந்தது. பெண்கள் வந்தார்கள், சொன்னார்கள். சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. பொதுமக்களின் கொந்தளிப்பால்தான் அது நடந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், நான் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களின் முகம் வெளியே தெரியாமல் காத்த அறைதான் அவர்களை நிற்க வைத்தது என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் சின்ன வழக்குகளில் அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தம்பி, ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்தப் பெண்ணின் பெயர், படம், ஊர், பழைய இன்ஸ்டாகிராம் பதிவு எதுவும் உங்கள் போனிலிருந்து அடுத்தவர் போனுக்குப் போகக் கூடாது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி இரண்டு வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அந்தப் பெண் தானே எழுத்தில் சம்மதித்திருந்தால் வேறு. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பது சட்டத்தில் பதில் ஆகாது. செல்போன் கடையில் நாலு பேர் சேர்ந்து ஒரு திரையைப் பார்ப்பது சகஜம், அதனால்தான் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2024 ஆகஸ்டில் கோர்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். டிவியில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து பேச்சு சூடாக இருந்தது. "அட்ஜஸ்ட் பண்ணித்தானே உள்ளே போனா, இப்ப என்ன" என்று ஒருவர் சொன்னார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். குழாயை மூடிவிட்டு டிவியைப் பார்த்தாள், சொன்னவரைப் பார்த்தாள், மறுபடி குழாயைத் திறந்தாள். அவளுக்கு ஏதாவது நடந்திருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு ஏதாவது நடந்தால் அந்தக் கடையில் இருந்த யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நடிகரின் காதுக்கு நம் பேச்சு எட்டப் போவதில்லை. நம் வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுப் பெண், கோவைக்கும் திருப்பூருக்கும் மில் வேனில் போகும் பெண், இவர்கள் காதில் தினமும் விழுகிறது. நாளை தனக்கு ஒன்று என்றால் அப்பா என்ன சொல்வார், அண்ணன் என்ன சொல்வான் என்பதை அவர்கள் இந்தப் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது போதாது என்கிறேன். "அவ நடத்தை சரியில்லை" என்று ஒருவர் தொடங்கும்போது நீங்கள் சும்மா இருந்தால், ஆமோதித்ததாகத்தான் கேட்பவளுக்குப் படும். சம்மதம் இருந்ததா என்று முடிவு செய்ய வேண்டிய வழக்கில், அந்தப் பெண்ணின் பழைய உறவுகளைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்க வக்கீலுக்கே சட்டம் இடம் தருவதில்லை. கோர்ட்டில் கேட்க முடியாத கேள்வியை நம் கடையில் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போதும்.

பொய்ப் புகார்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. வரப்புத் தகராறு முற்றி, வீட்டுப் பெண்ணை முன்னிறுத்திக் கொடுக்கப்பட்ட புகார் ஒன்றில் எதிரிக்காக நான் ஆஜரானேன். அவர் விடுதலையானார். ஆனால் அதற்குள் அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்திருந்தது. அந்த மனிதரின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே சொன்ன எல்லாவற்றையும் சொல்கிறேன். எத்தனை சதவீதம் பொய் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மட்டும் உடனே நம்பாதீர்கள். சாட்சியம் போதாமல் மூடியது, சமரசத்தில் முடிந்தது, உண்மையிலேயே பொய் என்று கண்டது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத்தான் பெரும்பாலும் அந்த எண்ணைச் செய்கிறார்கள்.

நம் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம். 2024-இல் கேரளத்தில் அப்போதைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்த ஒரு நடிகர் மீது புகார் வந்தபோது எதிர்க்கட்சியினர் ராஜினாமா கேட்டார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள் விசாரணை முடியட்டும் என்றார்கள். அடுத்த வருடமே எங்கள் பாலக்காட்டின் அப்போதைய எம்.எல்.ஏ. மீது புகார்கள் எழுந்தன, அவர் எதிர்க்கட்சியிலிருந்து ஜெயித்தவர். இந்தத் தடவை ராஜினாமா கேட்டவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். இருவருமே குற்றச்சாட்டை மறுத்தவர்கள், அவரவர் வழக்கில் என்ன உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. புகார் சொன்ன பெண்களின் பேச்சை இரண்டு தடவையும் யாரும் முழுதாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ரசிகர்களுக்கும் இதே நோய் உண்டு. பிடித்த நடிகர் என்றால் ஆதாரம் கேட்பது, பிடிக்காதவர் என்றால் அன்றே மீம்ஸ் போடுவது.

படம் பார்க்கலாமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் மனைவிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு எஃப்.ஐ.ஆர். நகல் கேட்காதீர்கள். பிடிக்காததைப் பார்க்காமலிருக்க யாருக்கும் தீர்ப்பு வேண்டியதில்லை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எல்லையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சம்பவம் தமிழ்நாட்டில் நடந்து பெண் கேரளத்தில் இருந்தால் "அங்கே போ" என்று போலீஸ் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பெண் போலீஸ்தான் பதிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை உண்டு. சித்தூர் பக்கம் இருக்கும் நமக்கு மலையாளம் எழுத வராதென்றால் தமிழிலேயே எழுதித் தரலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் உள்ள பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் நடந்ததென்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இல்லாத சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. அங்கே மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். படப்பிடிப்புத் தளங்களுக்கும் இந்தக் குழு கட்டாயம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. உங்கள் கடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள்.